களவும் கதவடைப்பும்

சிவகாசி அச்சகமொன்று பிறருடைய தீப்பெட்டி லேபிளைக் களவாக அச்சிட்டால், அத்தெருவின் அச்சகங்களையெல்லாம் பூட்டுவது நீதியாகுமா?

2012-ஆம் ஆண்டில் '3' என்னும் தமிழ்த் திரைப்படம் இணையத்தில் களவாகப் பரவாதிருக்கச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இணைய இணைப்பு நிறுவனங்கள் சிலவோ தளங்களையே அடைத்துவிட்டன. கலைஞர் பலர் தம் சொந்தப் படைப்புகளை வெளியிட்டுவந்த விமியோவும் மே மாதத்தில் அடைபட்டது. களவுப்படம் உள்ள முகவரியை மட்டுமே தடுக்கவேண்டும், தளம் முழுவதையும் அன்று என நீதிமன்றம் ஜூன் மாதத்தில் தெளிவாக்கியது.

களவு குற்றமே, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதற்குத் தண்டனை வகுத்துள்ளது. ஆயினும், ஒருவன் செய்த பிழைக்கு வகுப்பு முழுவதையும் நிற்கவைத்த நாட்களை எண்ணி நான் இன்று நாணுகிறேன். குற்றவாளியைத் தேடிக் காண்பது கடினம். அக்கடினத்தை ஏற்பதே நீதி.