எந்தக் கரை?

பாடநூலில் கூர்ப்பு அலகு தொடங்கியதும் டார்வின் வருவார். அவருக்குப் பின்னால் ஒரு வரியில் வொலஸ் வந்து போவார், அவ்வளவுதான். ஆனால் ஆசிரியர்களான நமக்கு அல்ஃபிரட் ரஸல் வொலஸ் கொஞ்சம் சொந்தக்காரர் மாதிரி. பதினான்கு வயதளவில் பள்ளிக்கூடத்தை விட்டவர். 1844 இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கப் போனார். அந்த ஊரில்தான் வண்டு பிடிக்கும் பைத்தியம் கொண்ட ஹென்றி பேட்ஸைச் சந்தித்தார். இருவரும் 1848 இல் அமேசன் ஆற்று முகத்துவாரத்திலுள்ள பாரா நகருக்குக் கப்பலேறினார்கள். கையில் காசு இல்லை. பிடிக்கும் பூச்சியையும் பறவையையும் லண்டனிலுள்ள முகவருக்கு அனுப்பி, அவர் விற்றுத் தருவதில்தான் சீவியம்.

இன்று அமேசனுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் படகில் இருந்துகொண்டு தொலைநோக்கியால் பார்க்கிறார்கள். அன்று தோணியும் துவக்கும்தான். சுட்டு, தோலுரித்து, சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். நமக்கு அது உவப்பான வேலை அல்ல, ஆனால் அக்கால விலங்கியல் அப்படித்தான் நடந்தது.

இந்தச் சீட்டில்தான் விசயம் இருக்கிறது. ரியோ நீக்ரோ கருநீர் ஆறு, பல இடங்களில் பல கிலோமீற்றர் அகலம். அதன் தீவுகளில் குடைப்பறவை என்றொன்று உண்டு. காக்கையளவு, தலையில் குடை விரித்தாற்போல் கொண்டை. வெள்ளத்தில் மூழ்கும் அந்தத் தீவுகளில் இருக்கும், பெருநிலத்தில் காணக் கிடைக்காது என்று வொலஸ் குறித்தார். குரங்குகளிலும் இதே கதை. ஒரு கரையில் தண்ணீரோரம் வரை வரும் இனம் எதிர்க்கரையில் அறவே இல்லை. எக்காளம் போலக் குரலெழுப்பும் ட்ரம்பெட்டர் பறவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அமேசனுக்கு வடக்கே சாம்பல் சிறகு, தெற்கே வேறு நிறம். நிலத்தில் நடந்து இரை தேடும், அதிகம் பறக்காத பறவை அது. அத்தனை அகலமான ஆறு அதற்குக் கடல்தான்.

1852 டிசம்பரில் லண்டன் விலங்கியல் சங்கத்தில் அமேசன் குரங்குகள் பற்றிக் கட்டுரை வாசித்தபோது வொலஸ் இதைச் சொன்னார். அரும்பொருட்சாலைச் சீட்டுகளில் வெறுமனே 'பிரேசில்', 'பெரு' என்று இருக்கிறதே, ஆற்றுக்கு வடக்கா தெற்கா என்று ஒன்றும் இல்லையே என்று குறைப்பட்டார். கூடவே ஒரு உண்மையையும் ஒளிக்காமல் எழுதினார்: அங்குள்ள வேட்டைக்காரர்களுக்கு இது ஏற்கெனவே நன்றாகத் தெரியும், குறித்த விலங்கு வேண்டுமென்றால் அவர்கள் ஆற்றைக் கடந்துதான் போவார்கள்.

நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். பெரிய ஆறுகள் உயிரினங்களின் எல்லை என்ற கருத்தைப் புத்தகங்கள் வொலஸின் பெயரால் சொல்கின்றன. சுதேசிகள் தோணி வலித்துத் தெரிந்துகொண்டது அது. அவர்களில் பலருடைய பெயர் நமக்கு எட்டவில்லை. பாராவில் அவர் வைத்திருந்த லூயிஸ் என்ற வேட்டைக்காரரைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரியும். கொங்கோவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, நாட்டரர் என்ற ஆஸ்திரிய ஆய்வாளரிடம் பறவை சேகரித்து, பிறகு விடுதலை பெற்றவர்.

(ஆறு இனங்களைப் பிரித்ததா, முன்பே பிரிந்திருந்தவற்றைச் சேரவிடாமல் தடுக்கிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். உயர்தரப் பிள்ளைகள் யோசித்துப் பார்க்கலாம்.)

அந்தக் கட்டுரையை வொலஸ் பெரும்பாலும் நினைவிலிருந்துதான் எழுதியிருக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இல், ஊர் திரும்பிய கப்பல் நடுக்கடலில் தீப்பற்றி, அவர் உடன் கொண்டுவந்த சேகரிப்பு எரிந்தது. பத்து நாள் திறந்த படகில் கிடந்து உயிர் தப்பினார். இரண்டு வருடம் கழியுமுன் மலாய்த் தீவுகளுக்குப் புறப்பட்டுவிட்டார்!

அங்கே 1856 இல் பாலியிலிருந்து லொம்பொக் தீவுக்குக் கடந்தார். குறுகிய நீரிணைதான். ஆனால் பாலியில் ஆசியப் பறவைகள், லொம்பொக்கில் ஆஸ்திரேலியச் சாயலில் கொக்கட்டூக்கள். அமேசனில் ஆற்றைப் பார்த்துக் கேட்ட கேள்வியையே கடலைப் பார்த்தும் கேட்டார். 'வொலஸ் கோடு' என்று நாம் படிப்பது அங்கிருந்து பிறந்தது.

அப்போது அவருடன் அலி இருந்தார். சரவாக்கில் சமையலுக்குச் சேர்ந்த மலாய் முஸ்லிம் பையன், சுமார் பதினைந்து வயது. சுடவும் தோலுரிக்கவும் பழகி, வொலஸ் கொண்டுபோன 8,050 பறவைகளில் பெரும்பங்கைச் சேகரித்தவர் அவரே என்று இன்றைய ஆய்வாளர் கருதுகிறார்கள். படகோட்டுவதில் கெட்டிக்காரர், ஆபத்திலும் பதறாதவர் என்று வொலஸே எழுதியிருக்கிறார். 1858 இல் பச்சான் தீவில், பச்சை மார்பும் இரு தோளிலிருந்தும் நீளும் வெண்ணிற இறகுகளும் கொண்ட ஒரு பறவையை அலி கொண்டுவந்து காட்டினார். உலகம் அறியாத புதிய சுவர்க்கப் பறவை. (நம் நாட்டு மலாய் மக்களின் மூதாதையர் சிலரும் ஒல்லாந்தர் காலத்தில் அந்தப் பக்கத் தீவுகளிலிருந்து வந்தவர்கள்தான்.) அடுத்த வருடம் லண்டனில் அதற்குப் பெயர் வைத்தார்கள்: செமியோப்டெரா வொலஸி.

1862 இல் சிங்கப்பூரில் பிரியும்போது வொலஸ் அலிக்குப் பணமும் தன் இரண்டு இரட்டைக்குழல் துவக்குகளும் கொடுத்தார். 1907 இல் தோமஸ் பார்பர் என்ற அமெரிக்க விலங்கியலாளர் தெர்னாத்தே தீவுக்குப் போனபோது, வயதான மலாய்க்காரர் ஒருவர் அவரிடம் வந்து தன்னை அறிமுகம் செய்துகொண்டார். சொன்ன பெயர் அலி வொலஸ்.