பாவாற்றிய தெரு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில், நெய்யாற்றின்கரைக்கு முன்னால் பாலராமபுரம் அமைந்துள்ளது. அதற்கப்பால் பாறசாலை, களியக்காவிளை; அங்கே மாநில எல்லை. திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் (1798–1810) காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் இங்கே குடியேற்றப்பட்டனர். இக்குடியேற்றத்தைப் பற்றி எழுதுவோர் அரச ஆதரவையும் கசவுக் கரையையும் விரிவாகப் பேசுவர். கஞ்சியைப் பற்றி எழுதுவோர் அரிது.

பருத்தி நூல் குட்டையான இழைகளை முறுக்கிப் பெறுவது. முறுக்குக்குள் அடங்காத இழைநுனிகள் நூலின் மேல் மயிர்போல் நீட்டி நிற்கும். தறியிலோ பாவு நூல் விழுதிலும் அச்சிலும் ஓயாமல் உரசும். அவ்வுரசலில் நுனிகள் பிய்ந்து பஞ்சாய்ப் பறக்கும். பிய்யாதவை பக்கத்து நூலோடு பின்னிக்கொள்ளும். கடைசியில் நூல் அறும். நூல் மெலிய மெலிய இத்தொல்லை பெருகும். மெல்லிய துணிக்குப் பேர்போன ஓர் ஊர் இதற்கு வழி காணாமல் நிலைத்திருக்க இயலாது.

அவ்வழி தெருவில் இருந்தது. பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி ஏற்றி, பாவாற்றி என்னும் தூரிகையால் ஒரே போக்கில் வாருவர். நுனிகள் நூலோடு படிந்து ஒட்டும். தேங்காயெண்ணெய் அக்கஞ்சிப் படலம் விறைக்காமல் காக்கும். கஞ்சி குறைந்தால் பிசிறு எழும். மிகுந்தாலோ நூல் முறியும், காய்ந்த மாவும் தூளாய் உதிரும். பதத்தை விரல்நுனியே அறிந்தது. மழை வந்தால் வேலை நிற்கும். இரு பருவமழையும் பெய்யும் நாட்டில் இது சிறு இழப்பன்று.

ஆகவே ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு என வழங்கும் சாலியர் தெருக்களை வெறும் குடியிருப்பு வரிசைகளாகக் கருதுவது போதாது. வீட்டுக்குள் குழித்தறி, வாசலில் பாவு: தெருவே உற்பத்திக் கருவியின் ஒரு பாதி. தமிழக நெசவூர்களின் ‘பாவடி’களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அந்த ஒப்பீடு அதிகம் நிகழாததற்கு எல்லையும் ஒரு காரணம் எனலாம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே தொழில்மரபின் வரலாறு இரு மொழிகளின் ஆய்வுலகங்களுக்குள் பிரிந்துபோனது.

பாலராமபுரத்துச் சேலைக்கும் மெல்லிய பருத்தித் துணிக்கும் இன்று புவிசார் குறியீடு உண்டு. அது துணியின் பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கும். பாவு விரிக்கும் தெரு அதன் வரம்புக்குள் வருவதில்லை. வண்டிகள் நிற்கும் தெருவில் பாவு நீட்டவும் முடியாது.