கூத்தர் குரலும் கரந்துறை ஒலிவாங்கியும்

தீவகத்துக் காற்று கூத்தர் குரலுக்குத் துணையுமாகும், பகையுமாகும். ஊர்காவற்றுறைக்கு அண்மையிலுள்ள சுருவில் போன்ற ஊர்களிலே, சோழகம் வீசும் காலத்தில் வெட்டவெளியில் நின்று பாடுபவனுடைய குரலைக் காற்று ஒரு புறம் அள்ளிச் செல்லும். மறுபுறம் இருப்போர் வாயசைவை மாத்திரமே காண்பர். இக்காற்றோடு போராடியே நம் முன்னோர் விடிய விடியக் கூத்தாடினர். அக்காலத்தில் ஒலிவாங்கியும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. எனினும், கடைசி வரிசையில் பாயில் அமர்ந்திருந்த முதியவருக்கும் கதை விளங்கியது. அஃது எவ்வாறு இயன்றது என்பதை அறிந்தாலன்றி, இன்று கூத்தர் உடையினுள்ளே ஒளிந்திருக்கும் சிறு கருவியின் நன்மை தீமைகளை அளவிடல் இயலாது.

பழைய கூத்திலே ஒலியைப் பெருக்கும் பணியை மனிதரே செய்தனர். கூத்தன் ஓரடியைப் பாடியதும், அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அவ்வடியை வாங்கிப் பாடுவர். அதனால் ஒவ்வோரடியும் அவையோர் செவியில் இருமுறை விழுந்தது. முதன்முறை காற்றோடு போன சொல் இரண்டாம் முறை வந்து சேர்ந்தது. பிற்பாட்டுப் பாடப்படும் நேரத்திற் கூத்தன் பாட்டை விட்டு ஆடலாம்; மூச்சும் வாங்கலாம். ஆகவே, பிற்பாட்டென்பது வெறும் அணியன்று. குரலைச் சுமக்கும் தூண் அது. உச்சத் தொனியிற் பாடும் வழக்கமும் இத்தேவையினாலேயே வலுப்பெற்றது. தமிழகத்து நாடக மேடையிலும் நிலைமை இதுவே. 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா ஒலிபெருக்கியின் துணையின்றியே பெருங் கூட்டங்களைத் தம் குரலால் ஆட்கொண்டவர்.

பின்னர் ஒலிபெருக்கி வந்தது. குழல் வடிவான பெருக்கிகளும், கனத்த பெட்டிகளும், அமிலம் நிறைந்த பற்றரிகளும் வள்ளங்களில் ஏற்றப்பட்டு நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் சென்றன. கோயில் திருவிழாவுக்கு வந்த அவ்வொலிபெருக்கி கூத்து மேடைக்கும் ஏறியது. மேடையின் முகப்பிலே இரண்டு அல்லது மூன்று ஒலிவாங்கிகள் கயிற்றிலே தொங்கவிடப்பட்டன. குரல் ஊரெங்கும் கேட்டது, மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், அம்மகிழ்ச்சிக்குக் கொடுத்த விலையைச் சிலரே அன்று உணர்ந்தனர்.

தொங்கும் ஒலிவாங்கி தன் அருகே நிற்பவனுடைய குரலையே நன்கு வாங்கும். இரண்டடி விலகினால் ஓசை தேய்ந்துவிடும். எனவே அரசனும் அமைச்சனும் கட்டியக்காரனும் ஒருவர் பின் ஒருவராக அதன் கீழ் வந்து நின்று பாடலாயினர். களரி முழுவதையும் வட்டமிட்டு ஆடிய கால்கள் ஓரிடத்திலே தறித்து நின்றன. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து புகழ் சேர்த்த ‘மயான காண்டம்’ போன்ற இசை நாடகங்களுக்கு இது பேரிடர் அன்று. நின்று பாடுதல் அவற்றின் இயல்போடு பொருந்தும். ஆட்டத்தை உயிராகக் கொண்ட கூத்துக்கோ அது விலங்காயிற்று. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களைப் புதுமேடைக்கு ஏற்ப அமைத்தபோது, ஆட்டத்தின் மதிப்பைக் கற்றோர் மீண்டும் உணர்ந்தனர்.

வானொலியும் மக்கள் செவியை மாற்றியது. 1925 டிசம்பரிலே கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது; 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று. ‘சானா’ எனப்பட்ட சண்முகநாதன் தயாரித்த நாடகங்களை வீட்டிலிருந்தே கேட்டுப் பழகிய மக்கள், மெல்லிய பெருமூச்சும் பொருள் தரும் என்பதைக் கண்டனர். அச்செவியோடு அவர்கள் கூத்து மேடையின் முன்னும் வந்து அமர்ந்தனர்.

இத்தறுவாயிலே மேலைநாட்டார் வேறொரு வழி கண்டனர். நடிகன் ஒலிவாங்கியை நாடிச் செல்வதற்குப் பதிலாக, ஒலிவாங்கியே நடிகனோடு செல்லவேண்டும் என்பது அவர்தம் எண்ணம். 1964இல் வெளிவந்த ‘மை ஃபெயார் லேடி’ திரைப்படத்திலே, முன்கூட்டிப் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க ரெக்ஸ் ஹாரிசன் மறுத்தார். அவருடைய கழுத்துப்பட்டியினுள்ளே கம்பியில்லா ஒலிவாங்கி மறைத்து வைக்கப்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னரே, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ற், கெர்ஹார்ட் செஸ்லர் என்னும் இருவர், தானே மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும் மென்தகட்டைக் கொண்டு புதுவகை ஒலிவாங்கியை ஆக்கியிருந்தனர். ஒலிவாங்கி மிகச் சிறியதாகவும் மலிவாகவும் ஆனதற்கு இதுவே முதற்காரணம். 1980களில் இலண்டன், நியூயோர்க் இசை நாடக மேடைகளிலே அது நடிகரின் மயிரோரத்தில் இடம்பெற்றது.

கூத்தனுக்கு இக்கருவியைப் பூட்டுதல் எளிதன்று. அவன் தலையில் முடியும், தோளில் புயவணியும், மார்பிற் பதக்கமும், அரையிற் கரப்புடுப்பும், காலிற் சலங்கையும் உண்டு. மார்பில் ஒலிவாங்கியைச் செருகினால் அணிகள் உரசும் ஒலியே பாட்டை விழுங்கிவிடும். ஆகவே முடியின் முன்விளிம்பிலே, நெற்றிக்கு மேலாக, அதனை ஒட்டுவதே தக்கது. தலை எப்பக்கம் திரும்பினும் வாய்க்கும் கருவிக்கும் இடையிலுள்ள தூரம் மாறாது. காற்றின் சீற்றத்தைத் தடுக்கப் பஞ்சு போன்ற சிறு உறை வேண்டும். கம்பியை முதுகுப்புறமாக இறக்கி, அலைபரப்பும் பெட்டியை இடையிற் கட்டவேண்டும். வியர்வை அதனைக் கெடுக்காதவாறு மெல்லிய இறப்பர் உறையுள் இடுவதும் வழக்கம். இவையனைத்தும் உடுப்புக் கட்டும் வேளையிலேயே நடைபெறல் வேண்டும். முடி தரித்த பின்னர் செய்தல் அரிது.

இக்கருவிக்கு உணவு பற்றரியாகும். அப்பொருளின் அருமையை யாழ்ப்பாணத்து மக்கள் போல் அறிந்தவர் சிலரே. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். தீவக மக்கள் பலர் ஊர்விட்டு இடம்பெயர்ந்தனர். கூத்துக் களரிகள் வெறிச்சோடின. சென்றவர்கள் பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறி, அங்கும் கூத்தை மேடையேற்றினர். 1965இல் மரியசேவியர் அடிகளார் நிறுவிய திருமறைக் கலாமன்றமும் பின்னாளில் ஐரோப்பிய நாடுகளுக்குக் கலைப் பயணம் மேற்கொண்டது. இவ்வாறு வள்ளத்தில் தொடங்கிய ஒலிக்கருவியின் பயணம் வானூர்திக்கு மாறியது.

யாழ்ப்பாணத்திற்கு வான்வழி புதிதன்று. 1947 டிசம்பர் 10ஆம் நாள் ‘எயர் சிலோன்’ நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. நெடுங்காலம் தடைப்பட்டிருந்த அவ்வழி, 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமானபோது மீண்டும் திறந்தது. இன்று ஒரு குழுவின் ஒலிவாங்கிகள் யாவும் ஒரு கைப்பெட்டியுள் அடங்கும். ஆயினும், அப்பெட்டிக்கும் சட்டங்கள் உண்டு. உதிரியான இலித்தியம் பற்றரிகளைச் சரக்கறைக்குச் செல்லும் பொதியில் இடலாகாது; அவற்றின் முனைகளை மூடிக் கையிலேயே கொண்டு செல்லவேண்டும். நூறு வாற்று-மணிக்கு மேற்பட்டதாயின் விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும். குளிர்நாட்டுக் காற்றிற் கிடந்த கருவியை வெப்பமான மண்டபத்தில் உடனே திறந்தால் அதன்மேல் நீர் படியும். சிறிது நேரம் மூடியபடியே வைத்தல் நன்று.

அலைவரிசையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐக்கிய அமெரிக்காவில் 698 மெகாஹேட்சுக்கு மேற்பட்ட தொலைக்காட்சி அலைவரிசைகளில் கம்பியில்லா ஒலிவாங்கிகள் 2010இல் விலக்கப்பட்டன. 600 மெகாஹேட்சுப் பகுதியின் பெரும்பாகமும் 2020இல் கைப்பேசிச் சேவைக்கென விடப்பட்டது. ஊரிலே பிழையின்றி இயங்கிய கருவி அங்கே சட்டத்துக்கு மாறானதாகலாம். புறப்படுமுன் இதனை விசாரித்து அறிவது குழுத் தலைவரின் கடமையாகும்.

கரந்துறை ஒலிவாங்கி கூத்தனுடைய கால்களுக்கு விடுதலை தந்தது என்பதில் ஐயமில்லை. அவன் மீண்டும் வட்டமிட்டு ஆடலாம், துள்ளலாம், அவைக்கு முதுகு காட்டியும் பாடலாம். ஆனால், தலைமைக் கூத்தர் நால்வருக்கு மாத்திரம் கருவி பூட்டி, பிற்பாட்டுக்காரரை மேடையோரத்தில் வெறுங்குரலோடு விட்டுவிடும்போது வேறொரு கேடு விளைகிறது. கூத்தன் குரல் மலைபோல் எழ, அதனை வாங்கிப் பாடும் குரல் அடிவாரத்திலே அமிழ்ந்து போகிறது. ஒருவர் பாடப் பலர் ஏற்பது என்னும் கூத்தின் அமைப்பே அங்கு குலைகிறது. இருமுறை கேட்ட அடி ஒருமுறையே கேட்கிறது. அண்ணாவியாரின் தாளமும் மத்தளமும் பிற்பாட்டும் கூத்தன் குரலுக்கு நிகராக ஒலிக்குமாறு செய்வதே ஒலி அமைப்பவரின் முதற்பணியாதல் வேண்டும். ஒத்திகைகளுள் ஒன்றேனும் எக்கருவியுமின்றி வெட்டவெளியில் நடைபெறுமாயின், சோழகத்தை எதிர்த்துப் பாடிய பழங்குரலின் வலிமை இளையோர்க்கும் வாய்க்கும். பற்றரி தீர்ந்த இரவிலும் கூத்து நில்லாது நடைபெற அதுவே வழி.