கரி தீவு நெடுநடைப் பாதை

கரி தீவு நெடுநடைப் பாதை என்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கரையோரத்திலுள்ள கரி தீவில் அமைந்த, ஏறத்தாழ 90 கி.மீ நீளமான நடைபாதை ஆகும். உலகின் மிகப் பெரிய மணல் தீவான இது முன்னர் பிரேசர் தீவு எனப்பட்டது. 1992 இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களமானது. 2023 இல் புட்சுல்லா பழங்குடியினர் வழங்கிய கரி என்னும் பெயர் அலுவல்முறையாக மீண்டும் சூட்டப்பட்டது.

பாதை

தெற்கே டில்லி வில்லேஜில் தொடங்கும் பாதை, மணற்குன்றுகள், மழைக்காடுகள், நன்னீர் ஏரிகள் ஆகியவற்றின் ஊடாகச் சென்று ஹேப்பி வேலியில் முடிகிறது. இதை நடந்து முடிக்கப் பல நாட்கள் தேவைப்படும். வழியிலுள்ள வாபி ஏரியை, காற்றால் நகரும் மணல் சிறிது சிறிதாக மூடி வருகிறது.

முகாமிடல்

முகாமிட முன் அனுமதி பெறுதல் வேண்டும். டிங்கோ எனப்படும் காட்டுநாய்கள் இங்கு வாழ்வதால் உணவைக் கூடாரத்தினுள் வைத்தல் கூடாது. சிறுவர்களைத் தனியே விடுதலும் கூடாது. 2001 இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் டிங்கோக்களால் கொல்லப்பட்டான்.

தீ விபத்து

2020 அக்டோபரில் சட்டத்துக்குப் புறம்பாக மூட்டப்பட்ட முகாம் நெருப்பிலிருந்து பரவிய காட்டுத்தீ, ஏறத்தாழ இரு மாதங்கள் எரிந்து தீவின் பாதியளவு நிலப்பரப்பைப் பாதித்தது. நெருப்பை மணலால் மூடுவது போதுமானதன்று. மணலுக்கு அடியில் தணல் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். மேற்பரப்பைப் பார்த்து இதை அறிய இயலாது. எனவே நீரூற்றிக் குளிரச் செய்வதே பாதுகாப்பான முறையாகும்.