பாரதக் கூத்தும் காஞ்சி மண்ணும்

திருவருளால் வெளிவரும் இம்மலருக்குக் கூத்துக்கலை பற்றி எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுப் பெரியவர்கள் பணித்தார்கள். பெரியோர் வாக்கைத் தட்ட இயலாது. பிள்ளையார்பாளையத்தின் தெருக்களையும் தறிகளையும் பற்றி நம்மவருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? பாரத விழாவில் கொடியேற்றம் முதல் தீமிதி வரை எந்த நாளில் எது நடக்கும் என்பதும் எல்லாரும் அறிந்ததே. ஆகவே நேரே நூல்களுக்குள் செல்கிறேன்.

சங்க நூல் காட்டும் வழி

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை பத்துப்பாட்டுள் ஒன்று. 500 அடிகள் கொண்ட அப்பாட்டில், பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன் வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு நம் கச்சிக்கு வழி சொல்கிறான். மன்னன் அளிக்கும் பொற்றாமரையையும் குதிரை பூட்டிய தேரையும் எடுத்துக்காட்டிப் பேசுவோர் பலர். நான் அப்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் நிற்பது அங்கன்று. பாட்டின் பெரும்பகுதி வழிநடையில்தான் செல்கிறது. எயினர் குடியில் உணவு, ஆயர் குடியில் உணவு, உழவர் மனையில் உணவு, வலைஞர் சேரியில் உணவு. அரசன் கொடை கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பே வழியிலுள்ள குடிகள் எல்லாம் பாணனுக்குச் சோறிட்டு அவன் யாழைக் காத்துவிட்டன. இசையைக் காப்பவர் அதைக் கேட்கும் குடிமக்களே என்று புலவர் சொல்லாமல் சொல்லியிருப்பதாகவே நான் கொள்கிறேன்.

கூத்தராற்றுப்படை என்று பெயர் பெற்ற மலைபடுகடாமும் இங்கு எண்ணத்தக்கது. அதன் தலைவன் செங்கத்தை ஆண்ட நன்னன். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் என்று கூத்தர் பையில் கட்டிச் சுமந்த கருவிகளை அப்பாட்டு தொடக்கத்திலேயே அடுக்குகிறது. இன்று கூத்துக்குப் பேர்போன புரிசையும் பெருங்கட்டூரும் அந்தச் செங்கம் இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்களே. இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி என்று அறுதியிட்டுச் சொல்ல நான் துணியவில்லை. ஆயினும் அந்த மண்ணின் மேல் வந்து நிற்கும்போது நெஞ்சு விம்முகிறது.

கூரம் செப்பேடு

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடுகள் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தவை. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோயிலுக்கு விட்ட நிலத்தைப் பங்கிடும்போது, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று தனியாக ஒரு பங்கை ஒதுக்குகிறது அந்தச் சாசனம். எத்தகைய பெருமை! வழிபாட்டுக்கும் திருப்பணிக்கும் நிகராகக் கதை சொல்பவருக்கும் நிலம். தெள்ளாற்றில் வென்ற மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனார் பாரத வெண்பாப் பாடினார். பின்னர் வில்லிபுத்தூரார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களால் பாடினார். அதையும் விரித்து நல்லாப்பிள்ளை பதினாலாயிரம் அளவுக்குப் பாடினார். பகலில் பிரசங்கியார் வில்லியின் விருத்தத்தைப் பாடிப் பொருள் விரிக்க, இரவில் அதே கதையைக் கூத்தர் ஆடிக் காட்டும் முறை தொண்டை நாட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் இன்றும் நிற்கிறது.

கூத்தின் இசை

களரி கட்டி, மேளக்கட்டு முழங்கி, திரைக்குப் பின்னிருந்து வேஷக்காரர் விருத்தம் தொடங்கும் அந்த நேரத்தில் உறக்கம் பறந்துவிடும். விருத்தம், தரு, கந்தார்த்தம், வசனம் என்று பாட்டும் பேச்சும் மாறி மாறி வரும். கட்டியங்காரன் இடையிடையே பேச்சுத் தமிழில் பொருள் சொல்வதால் எழுத்தறியாத தாய்மாரும் சிறுவரும் ஓரடி கூடத் தவறவிடாமல் கதையைத் தொடர்வர். மத்தளமும் தாளமும் முகவீணையும் பழைய கருவிகள். ஆர்மோனியம் பின்னால் வந்து சேர்ந்தது. சீவாளி வைத்து ஊதும் அந்தச் சிறிய முகவீணையின் உச்ச சுருதிக்கு ஈடுகொடுத்துத்தான் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் வேஷக்காரர் திறந்த வெளியில் பாடினார்கள். தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் மார்பில் பதக்கமும் சுமந்து, கிறுக்கி ஆடிக்கொண்டே, விடியும் வரை அந்தச் சுருதியில் பாடுவது பெருந்தவம். அர்ச்சுனன் தபசு மரத்தின் மேலேறிப் படிக்கொன்றாகப் பாடும்போது கீழே நிற்போர் கைகூப்பி நிற்பது வெறும் நாடகத்துக்காகவா? கர்ண மோட்சத்தன்று பொன்னுருவி அழும் பாட்டுக்கு அழாத கண்ணை நான் பார்த்ததில்லை.

நெசவுக் குலத்தார்க்கும் இக்கலைக்கும் உறவு உண்டு. குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் அரங்கேற்றிய கந்தபுராணத்தின் வீரவாகு முதலிய நவவீரர்களைத் தம் முன்னோராகப் போற்றுவது செங்குந்தர் மரபு. சூரசம்ஹாரத்தன்று செங்குந்தர் ஊர்கள் பலவற்றில் நவவீரர் வேடம் புனைவதும் அதனால்தான்.

நம் காலத்தில்

பெருங்கட்டூர் பெ. இராஜகோபால் அவர்களும் கூத்தர் பலரும் சேர்ந்து 1990-ஆம் ஆண்டு கட்டைக்கூத்துச் சங்கம் கண்டார்கள். காஞ்சியை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் குருகுலம் நடந்தது. பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்பித்தார்கள். ஆண்களே ஆடிவந்த கலையில் பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அக்குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. புரிசையில் தம்பிரான் பரம்பரையினர் தொடர்ந்து உழைக்கிறார்கள். அவர்களது கூத்தின் பெருமையை நகரத்தார்க்கு எடுத்துச் சொன்ன ந. முத்துசாமி நம் நன்றிக்குரியவர்.

கடல் கடந்து போனவர்களையும் நினைக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாக ரீயூனியன் தீவுக்குச் சென்ற தமிழர், கூத்தையும் கொண்டுபோனார்கள். தமிழ்ப் பேச்சு மறந்த பின்னும் அவர்கள் வழிவந்தோர் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு இரவு முழுவதும் பாடுகிறார்கள். வாத்தியார் கிரியோல் மொழியில் பொருள் சொல்கிறார். தீமிதியும் உண்டு. பின்லாந்திலிருந்து அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரைச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போனவர்களும் இப்படியே. எலியாஸ் லோன்ரோட் என்னும் மருத்துவர் நாட்டுப்புறப் பாடகர்களிடம் கேட்டுத் தொகுத்து 1835-இல் வெளியிட்ட கலேவலா அவர்களுக்குப் பாரதம் போன்றது. கான்டெலே என்னும் நரம்புக் கருவியை அவர்கள் பேரப்பிள்ளைகள் அங்கே இன்னும் மீட்டுகிறார்கள். மொழியே கைவிட்டுப் போன இடத்தில் பாட்டு நிற்கிறதென்றால், தமிழ் நாவில் இருக்கும் நமக்கு என்ன தடை?

அன்பர்களே, விழாச் செலவைக் குறைக்க வேண்டி வரும்போது முதலில் கூத்தில் கை வைக்காதீர்கள். இரவு முழுவதும் நடக்க வேண்டியதை இரண்டு மணி நேரமாக்கி, மிச்ச நேரத்தை இன்னிசைக் கச்சேரிக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தூங்கினால் தூங்கட்டும், படுகளத்தன்று எழுப்பிவிடலாம். தாம்பூலம் கொடுத்துக் கூத்து பேசும்போதே ஜமாவில் முகவீணைக்காரர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு ஊரிலிருந்தாவது வரவழைத்து, அவர் கூலியை விழாக் குழு தனியே ஏற்றுக்கொள்ளட்டும்.