காளிகட்டத்துத் தெருவோவியர்

திருமலை சென்று திரும்பும் அடியார் எவரும் வெறுங்கையுடன் ஊர் போய்ச் சேர்வதில்லை. லட்டும் பெருமாள் படமும் மூட்டையில் இருந்தே தீரும். லட்டைப் பகிர்ந்துண்கிறோம், படத்தைச் சுவரில் மாட்டுகிறோம். படம் யார் கையால் உருவாயிற்று என்று மட்டும் நாம் கேட்பதில்லை. திருப்பதியிலும் சித்தூரிலும் குடியேறி வாழும் நமக்கு, இதே போன்றதொரு திருத்தலத்து ஓவியர்களின் வரலாறு சிந்தனைக்கு விருந்தாகும்.

கல்கத்தாவில் ஆதிகங்கைக் கரையில் அமைந்தது காளிகட்டம். இன்றுள்ள காளி கோயில் 1809-இல் கட்டி முடிக்கப்பெற்றது. அடியார் கூட்டம் பெருகவே, மேதினிப்பூர் முதலிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து ‘படுவா’ எனப்படும் ஓவியர்கள் பிழைப்புத் தேடி அங்கே குடிபெயர்ந்தனர். ஊரில் நீண்ட சுருளில் கதை எழுதிப் பாடி வந்தவர்கள், நகரில் ஆலைக் காகிதத் தாளில் விரைந்து தீட்டக் கற்றனர். வீட்டில் ஒருவர் கோடு இழுப்பார். மற்றொருவர் வண்ணம் நிரப்புவார். சில காசுகளுக்குப் படம் விற்றது.

முதலில் காளியையும் சிவனையும் எழுதினர். நாளடைவில் அவர்தம் கண் எதிரே இருந்த தெருவின் மீது திரும்பியது. ஆங்கிலேயர் ஆட்சியில் திடீர்ச் செல்வம் பெற்ற ‘பாபு’க்கள் அத்தெருவில் உலவினர். மடிப்புக் கலையாத வேட்டி, பளபளக்கும் பாதக்குறடு, ஆங்கில பாணியில் வாரிய தலை, ஐரோப்பிய நாற்காலி, கையில் உக்கா! இவற்றை ஓவியர் விடவில்லை. பெண் மயக்கில் வீழ்ந்த பாபுவை ஆட்டுக்கடாவாக்கிக் கயிற்றில் கட்டி இழுக்கச் செய்தனர். நெற்றியில் திருநாமமும் வாயில் இறாலுமாக ஒரு பூனையை எழுதிப் போலித் துறவியரை நகைத்தனர். “இந்தப் பூனையும் பால் குடிக்குமா?” என்னும் நம் பழமொழியின் வங்கப் படம் அது எனலாம். 1873-இல் தாரகேசுவரத்து மடத்தலைவர் ஒருவர் சிக்கிய வழக்கு நாட்டையே உலுக்கியபோது, அதனையும் படந்தோறும் காட்டினர்.

அக்காலத்தே பாரிசு நகரில் ழான் பெரோ (1849–1935) என்பார் அந்நகரத்து நாகரிக மாந்தர் வீதியில் உலவும் காட்சிகளைத் தீட்டிப் புகழெய்தினார். அவர் தம் படத்தில் கையொப்பமிட்டார். காளிகட்டத்தாருள் பெரும்பாலோர் பெயரைக்கூட நாம் அறியோம்.

அவர்களை வீழ்த்தியது எது? அச்சுப் பொறி. செருமனியிலிருந்து வந்த வண்ணப் படங்களும், 1894-இல் பம்பாயில் ரவிவர்மா நிறுவிய அச்சகம் போன்றவற்றின் படங்களும் சந்தையை நிறைத்தன. பளபளப்பான படம் மலிவாகக் கிடைக்க, கைப்படத்தை வாங்குவார் அருகினர். 1930-களில் அத்தொழில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. இடையே, இரட்யார்டு கிப்ளிங் தம் தந்தையார் சேர்த்த படங்களை 1917-இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட்டு அருங்காட்சியகத்துக்கு அளித்தார். தெருவில் காசுக்கு விற்றவை கடல் கடந்து காப்புப் பெற்றன. எழுதிய கைகளைக் காப்பாரில்லை.

நமக்கு அண்மையிலுள்ள திருக்காளத்தி வேறொரு பாடம் புகட்டுகிறது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து, மூங்கில் எழுதுகோலால் இராமாயண பாரதக் கதைகளை வரையும் கலங்காரிக் கலை அங்கும் நலிந்தே கிடந்தது. விடுதலைக்குப் பின் கமலாதேவி சட்டோபாத்தியாயர் போன்றோர் ஊக்கத்தால், 1950-களின் பிற்பகுதியில் அங்கே பயிற்சி நிலையம் தோன்றியது. முதிய கலைஞர் இளைஞர்க்குக் கற்பித்தனர். கலை பிழைத்தது, இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

ஒரு கலை மாள்வதும் வாழ்வதும் திறமையை மட்டும் பொறுத்ததன்று; வாங்குவோர் நெஞ்சையும், கற்பிப்போர்க்குக் கிட்டும் ஆதரவையும் பொறுத்தது. ஊர்விட்டு ஊர் வந்து உழைத்துண்ணும் நம் குடும்பங்கள் இதனை எளிதில் உணரும். அடுத்த முறை காளத்தியப்பரைத் தொழச் செல்கையில், துணியில் எழுதும் கலைஞர் முன் சற்று நிற்போம். படத்தின் விலையைக் கேட்குமுன் அவர் பெயரைக் கேட்போம். நம் பிள்ளைகளும் அதனைக் கேட்டறியட்டும்.