பணம் யார் போட்டது? (நாலாம் தமிழ்ச் சங்கத்துக் கணக்கு)

ஒரு நல்ல புத்தகமோ கச்சேரியோ நாடகமோ கிடைத்தால் யார் எழுதினது, யார் பாடினது, யார் நடிச்சதுன்னு கேட்கிறோம். பணம் யார் போட்டதுன்னு மட்டும் கேட்கிறதில்லை. கேட்டால் ஏதோ விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் அரிசி என்ன விலைன்னு விசாரிச்ச மாதிரி ஒரு கூச்சம். எனக்கு என்னவோ அந்தக் கேள்விதான் கொஞ்ச நாளாக மண்டையைக் குடைகிறது. அதனால் இன்றைக்குக் காசுக் கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் மக்களே.

இந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்டு, பதிலையும் விதியாக எழுதி வைத்திருக்கிறவர்கள் ஐரோப்பாக்காரர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 'கிரியேட்டிவ் யூரோப்' என்று ஒரு திட்டத்தை 2014-ல் தொடங்கியது. முதல் ஏழு வருஷத்துக்கு (2014-2020) ஒதுக்கியது சுமார் 146 கோடி யூரோ. அடுத்த ஏழு வருஷத்துக்கு (2021-2027) சுமார் 244 கோடி யூரோ. கலை பண்பாட்டுக்கு ஒரு பிரிவு, சினிமா மாதிரி காட்சி ஊடகங்களுக்கு ஒரு பிரிவு, இது இரண்டையும் தாண்டி ஒரு துறை இன்னொரு துறையோடு கைகோக்கிற வேலைகளுக்கு ஒரு பிரிவு.

தொகையை விட விதிகள்தான் சுவாரசியம். கூட்டுத் திட்டம் என்றால் தனி ஆளாகப் போய் நிற்க முடியாது. 2 லட்சம் யூரோ வரை கேட்கிற சின்னத் திட்டத்துக்கே மூன்று நாடுகளிலிருந்து மூன்று அமைப்புகள் சேர்ந்து வரணும். அதில் 80 சதவீதம் வரைதான் ஒன்றியம் கொடுக்கும். 10 லட்சம் வரை கேட்டால் ஐந்து நாடு, ஐந்து அமைப்பு, 70 சதவீதம். 20 லட்சம் வரை கேட்டால் பத்து நாடு, பத்து அமைப்பு, 60 சதவீதம். அதாவது வேலை பெரிசாக ஆக உங்கள் கைக்காசும் கூடணும், கூட்டாளிகளும் கூடணும். எல்லாவற்றையும் அதிகபட்சம் நாலு வருஷத்தில் முடிச்சுக் கணக்குக் காட்டணும்.

"அதெல்லாம் அங்கே நடக்கும், நம்ம ஊருக்குச் சரிப்படுமா?" என்று கேட்பீர்கள். நூற்றி இருபது வருஷத்துக்கு முன்னாடியே எங்கள் மதுரையில் இதே மாதிரி ஒரு கூட்டு வேலை நடந்தது. ராஜா, ஜமீன்தார், பண்டிதர், அச்சகம், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அதில் என்ன ஜெயித்தது, எங்கே இடித்தது என்பதுதான் இந்தப் பதிவு.

* * *

நான் இருக்கிற ஆனையூருக்குப் பக்கத்தில்தான் கூடல்நகர். சங்கம் இருந்த ஊருக்குப் பழைய பேர் கூடல். இப்போ அது ரயில்வே ஸ்டேஷன் பேர். அங்கிருந்து செல்லூர் வழியாக ஆற்றைத் தாண்டி டவுனுக்குள் போனால் தமிழ்ச் சங்கம் ரோடு. நம்மில் பாதிப் பேருக்கு அது ஆட்டோக்காரரிடம் சொல்கிற அடையாளம், அவ்வளவுதான். அந்த ரோட்டுக்குப் பேர் கொடுத்த சங்கம்தான் 1901 செப்டம்பர் 14-ம் தேதி தொடங்கின மதுரைத் தமிழ்ச் சங்கம். முதல், இடை, கடைச் சங்கத்துக்கு அடுத்தது என்பதால் நாலாம் தமிழ்ச் சங்கம். தொடங்கிய இடம் சேதுபதி உயர்நிலைப் பள்ளி. மூன்று வருஷம் கழித்து, 1904-ல், பாரதியார் சில மாதம் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தாரே, அதே பள்ளிக்கூடம்தான்.

தொடங்கினவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் (1867-1911). பின்னாலே நின்றவர் ராமநாதபுரம் சேதுபதி பாஸ்கரர். இரண்டு பேரும் ஒரே குடும்பம், சித்தப்பா பெரியப்பா மக்கள். மதுரைக்கு வந்த தேவர் சொற்பொழிவுக்காகக் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டாராம், இவ்வளவு பெரிய ஊரில் ஒரு பிரதி கிடைக்கவில்லையாம், அந்த வருத்தத்தில் பிறந்ததாம் சங்கம். இந்தக் கதையை மதுரையில் எல்லாரும் சொல்வார்கள்.

தமிழ்ப் புத்தகத்துக்குக் காசு போடுவது தேவருக்கு அப்பா வழிப் பழக்கம். அப்பா பொன்னுசாமித் தேவர், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்குப் பொருளுதவி செய்து நூல்களைப் பதிப்பிக்க வைத்தவர். அதாவது ராமநாதபுரத்துப் பணம், யாழ்ப்பாணத்துப் படிப்பு, சென்னை அச்சகம். நாடு விட்டு நாடு கூட்டணி என்று ஐரோப்பாக்காரன் விதி எழுதுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னாலேயே!

மகன் செய்தது இன்னும் ஒரு படி மேலே. அதுவரை ஒரு புலவருக்கு, ஒரு நூலுக்கு என்று தனித்தனியாகப் பணம் போனது. உ.வே.சா.வின் மணிமேகலைப் பதிப்புக்கு (1898) இவரே அப்படி உதவியிருக்கிறார். ஆனால் சங்கத்தில் அவர் தனி நூலுக்குக் காசு போடவில்லை. ஒன்றுக்கொன்று தீனி போடுகிற மாதிரி ஐந்தாறு வேலைகளைச் சேர்த்துக் கட்டினார்:

- சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை. படிக்கிற பிள்ளைகளுக்கு.
- பாண்டியன் புத்தகசாலை. தன் சொந்தப் புத்தகங்களையே அங்கே வைத்தார்.
- ஏடுகளை ஒப்பிட்டுப் பார்க்க நூலாராய்ச்சிச் சாலை.
- சொந்த அச்சகம்.
- 1902 கடைசியில் தொடங்கின 'செந்தமிழ்' மாத இதழ். முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார், அடுத்து மு. இராகவையங்கார்.
- பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படியாகத் தேர்வுகள்.

ஏடு தேடுகிறவர் ஒருத்தர், அதை ஆராய்கிறவர் ஒருத்தர், அச்சுக் கோக்கிறவர் ஒருத்தர், அதைப் படித்துப் பரீட்சை எழுதுகிறவர் இன்னொருத்தர். அச்சிட்ட புத்தகத்துக்கு வாசகன் எங்கேன்னு தேட வேண்டாம், பரீட்சை எழுதுகிறவனே வாசகன். இப்போ நாம் 'துறை கடந்த கூட்டுழைப்பு' என்று வாய் வலிக்கச் சொல்கிறோமே, அது இதுதான்.

பலன்? ஒரு உதாரணம் போதும். பச்சையப்பன் கல்லூரித் தமிழ்ப் பண்டிதர் ஆ. சிங்காரவேலு முதலியார், தனி ஆளாகப் பல வருஷம் உட்கார்ந்து ஒரு கலைக்களஞ்சியம் எழுதினார். அச்சுப்போட ஆள் இல்லை. அந்தக் கையெழுத்துக் கட்டுக்குக் கைகொடுத்தவர் பாண்டித்துரைத் தேவர். 1910-ல் சங்கத்து வெளியீடாக வந்தது 'அபிதான சிந்தாமணி', ஆயிரம் பக்கத்துக்கும் மேல். இன்றைக்கும் மறுபதிப்பு போய்க்கொண்டிருக்கிற புத்தகம்.

* * *

இனி இடித்த இடம்.

பாஸ்கர சேதுபதி கொடுக்கிறதுக்கே பிறந்தவர். 1893-ல் விவேகானந்தர் சிகாகோ போக உதவினவர்களில் ஒருவர். கொடுத்துக் கொடுத்தே கடனில் விழுந்தார். சங்கம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருக்கும், 1903 டிசம்பரில் போய்விட்டார். வயசு 35.

பாண்டித்துரைத் தேவர் 1906-ல் வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்குத் தலைவரானார். பத்து லட்ச ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய். 1908-ல் வ.உ.சி. ஜெயிலுக்குப் போனார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதே வருஷம் டிசம்பர் 2-ம் தேதி தேவரும் காலமானார். வயசு 44.

தொடங்கி பத்தே வருஷத்தில் சங்கத்தின் இரண்டு தூண்களும் இல்லை. சங்கம் மூடிப்போகவில்லை, அதுதான் ஆச்சரியம். இதழ் வந்தது, பரீட்சை நடந்தது, பிற்காலத்தில் பி.டி. ராஜன் மாதிரி ஆட்கள் தலைமை ஏற்றார்கள், கலாசாலை கல்லூரியாக இன்றும் இருக்கிறது. ஆனாலும் அந்த முதல் பத்து வருஷத்து வேகம் திரும்பி வரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரே புரவலர் என்றால் இன்னொரு சங்கடமும் உண்டு. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் திருக்குறளில் எதுகை மோனை சரியில்லைன்னு தானே 'திருத்தி' அச்சுப்போட்டாராம். தேவர் அத்தனை பிரதிகளையும் காசு கொடுத்து வாங்கித் தீயில் போட்டாராம். கேட்கும்போது கை தட்டத் தோன்றுகிறது, இல்லீங்களா? எனக்கும்தான். ஆனால் நிதானமாக யோசித்தால், எது அச்சாகணும் எது எரியணும் என்று ஒரே ஒருத்தருடைய பணப்பை முடிவு செய்கிறது. அவர் நல்ல ரசிகராக இருந்தது நம்ம அதிர்ஷ்டம்.

அந்தக் காலத்திலேயே வேறு வழியும் இருந்தது. உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஊர் ஊராகக் கையொப்பம் வாங்கினார். புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று பல பேர் போட்ட கையெழுத்து. ஒருத்தர் பின்வாங்கினால் வேலை நின்றுவிடாது. ஐரோப்பிய விதியில் இருக்கிற "உன் பங்கு எங்கே, உன் கூட்டாளி யார்" என்ற கேள்வியின் பழைய தமிழ் வடிவம் அது.

சரி, அரசாங்கமே எல்லாம் பார்த்துக்கொள்ளட்டும் என்றால்? அதற்கும் மதுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. 1981 ஜனவரியில் இங்கே ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது உலகத் தமிழ்ச் சங்கம் அமைப்பதாக எம்.ஜி.ஆர். அறிவித்தார். அதற்கென்று கட்டின பெரிய கட்டடம் திறந்தது 2016-ல். இடையில் 35 வருஷம். மாநாட்டுக்கு வந்த இளைஞர் ரிட்டயர்மெண்டை நெருங்கியிருப்பார்.

ஐரோப்பியப் பணமே ஒரு தமிழ்த் தெருவுக்கு வந்த கதையும் உண்டு. மதுரையில் இல்லை, புதுச்சேரியில். 2002-ல் தொடங்கின 'ஆசியா உர்ப்ஸ்' திட்டத்தில் புதுச்சேரி நகராட்சி, இத்தாலியின் உர்பினோ, பிரான்ஸின் வில்நெவ்-சுர்-லோ என்ற மூன்று ஊர்கள் கூட்டு. இன்டாக் அமைப்பும் கூட நின்றது. வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக இருந்த பழைய தமிழ் வீடுகளின் முகப்பு மீட்கப்பட்டது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது வந்தது. வெள்ளைக்காரத் தெருவை மட்டும் அழகு பார்த்த ஊரில் தமிழ்த் தெருவுக்கும் பெயிண்ட் அடிக்க வைத்தது அந்தக் கூட்டுக்கணக்கு.

* * *

அப்போ ஐரோப்பிய வழிதான் சரி, ஜமீன்தார் வழி தப்பு என்று முடித்துவிடலாமா? அங்கேதான் ஒரு மனுஷர் குறுக்கே வந்து நிற்கிறார்.

மட்டக்களப்புப் பக்கத்தில் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், விஞ்ஞானம் படித்தவர். 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் தேறினார். இலங்கையிலிருந்து அந்தத் தேர்வில் தேறிய முதல் ஆள் அவர்தான் என்பார்கள். பிறகு ராமகிருஷ்ண மடத்துத் துறவியானார், சுவாமி விபுலாநந்தர். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். பழைய இலக்கியம், இசை, கணிதம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, வழக்கொழிந்த யாழ் எப்படி ஒலித்திருக்கும் என்று பல வருஷம் ஆராய்ந்தார். 1947 ஜூனில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்து வெளியீடாகத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தார்.

கணக்குப் போடுங்கள். சங்கம் தொடங்கினது 1901. யாழ் நூல் வந்தது 1947. தேவர் இறந்து 36 வருஷம் ஆகிவிட்டது. அவர் வைத்த பரீட்சையில் தேறின ஒரு கடல் கடந்த பையன், இன்னொரு ஊர்ச் சங்கத்தின் பேரில், அவர் கனவிலும் நினைக்காத ஒரு துறையில் எழுதின புத்தகம். பரீட்சைதான் யாழ் நூலை எழுத வைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 'நாலு வருஷத்தில் விளைவைக் காட்டு' என்கிற எந்தப் படிவத்தில் இதை எழுதுவீர்கள்? 1905-ல் தேவரிடம் போய் "உங்கள் திட்டத்தின் பயனாளிகள் யார்"ன்னு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

இதை நான் சும்மா எழுதவில்லை. ஆனையூரில் நாங்கள் சில பேர் சேர்ந்து எங்கள் கண்மாயைப் பற்றியும், அதைச் சுற்றி வாழ்ந்தவர்கள் சொல்கிற பழைய சங்கதிகளையும் ஒரு சின்னப் புத்தகமாக்க முயற்சி செய்கிறோம். வயலாக இருந்தபோது பார்த்தவர்கள் ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இங்கே இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பிதான் குரல்களைப் பதிவு செய்கிறார். "யாராவது ஒரு பெரிய மனுஷனைப் பிடிங்க, ஒரே செக்கில் வேலை முடிஞ்சிரும்" என்று ஆளாளுக்கு யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறு பேர் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதிக்கான காசைக் கொடுத்தால் போதும். அந்த நூறு பேரும் புத்தகத்தைப் படிக்கவும் செய்வார்கள்.

பங்கு பிரிப்பதில் ஐரோப்பாக்காரன் கெட்டிக்காரன். காத்திருக்கிறதில் பாலவநத்தத்துக்காரர் கெட்டிக்காரர். இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் என் ஆசை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வாசகசாலையோ சபாவோ பழைய சங்கமோ இருக்கும். அதற்கு முதல் பணம் யார் போட்டது, அவருக்கப்புறம் யார் சுமந்தது என்று கேட்டு எழுதுங்களேன். கல்வெட்டில் பேர் வராத ஆட்கள்தான் நிறைய இருப்பார்கள் என்பது என் ஊகம்.

டிஸ்கி: அடுத்த தடவை தமிழ்ச் சங்கம் ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கினால், ஒரு நிமிஷம் அந்தக் கட்டடத்தைத் திரும்பிப் பாருங்கள். டிக்கெட் எல்லாம் கிடையாது.